78 லட்சம் வீடு ஒரு கோடி ஆவது எப்படி?

சதுர அடி விலையை நம்பி வீடு வாங்கக் கிளம்புகிறது நடுத்தர வர்க்கம். நியாயமான விலையைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. பில்டரின் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு, தானேயின் கோட்பந்தர் சாலை, நொய்டாவின் எக்ஸ்பிரஸ்வே என எங்கே போனாலும் காட்சி ஒன்றுதான். பாதி எழும்பிய கட்டடம். அதன் முன்னால் குளிரூட்டப்பட்ட விற்பனை அலுவலகம். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி மரங்களும் குட்டிக் கார்களுமாக ஓர் அட்டை நகரம். காபி வருகிறது. கூடவே ஓர் எண்ணும் வருகிறது: சதுர அடி ரூ.6,500. பக்கத்துத் திட்டத்தில் ரூ.7,200 கேட்கிறார்கள் என்பதால் குடும்பத்தின் முகத்தில் நிம்மதி. முன்பணக் காசோலை அன்றைக்கே எழுதப்பட்டாலும் ஆச்சரியமில்லை.

பத்து ரூபாய் சோப்புக் கட்டியில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கும் நாடு இது. ஆனால் ஒரு குடும்பம் இருபது ஆண்டுச் சம்பளத்தை அடகு வைத்து வாங்கும் பொருளுக்கு அப்படி எந்த விலையும் கிடையாது. 2016-ல் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் - ரெரா என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது - பில்டர் எதை மறைக்கக் கூடாது என்று சொல்கிறது. எவ்வளவு கேட்கலாம் என்று சொல்வதில்லை. அதனால் விலை நியாயமா என்ற கேள்வி வாங்குபவரின் தலையிலேயே விழுகிறது. அவரோ, விற்பவர் கொடுத்த அளவுகோலை வைத்துக்கொண்டே விற்பவரின் விலையை அளக்கிறார்.

அந்த ரூ.6,500-ஐப் பிரித்துப் பார்க்கலாம். ஓர் உதாரணக் கணக்கு. வீட்டின் பரப்பு 1,200 சதுர அடி என்கிறது விலைப்பட்டியல். அதாவது ரூ.78 லட்சம். வீடு ஏழாவது மாடியில். இரண்டாவது மாடியிலிருந்து மாடிக்கு மாடி சதுர அடிக்கு ரூ.40 கூடுதல் என்றால் ரூ.2,88,000. சன்னலைத் திறந்தால் தோட்டம் தெரியும் என்பதற்குச் சதுர அடிக்கு ரூ.100 வீதம் ரூ.1,20,000. கார் நிறுத்துமிடம் ரூ.3,50,000. கிளப் ஹவுஸ் உறுப்பினர் கட்டணம் ரூ.2 லட்சம், நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. மின்சாரம், குடிநீர் இணைப்பு என்று ரூ.1,50,000. இப்போது தொகை ரூ.89,08,000. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ரூ.4,45,400. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 7 சதவீதம் என்று கொண்டால் ரூ.6,23,560. கூட்டினால் ரூ.99,76,960. ஒரு கோடிக்கு ரூ.23,040 குறைவு.

இவ்வளவு கொடுத்துக் கிடைப்பது எவ்வளவு இடம்? அந்த 1,200 சதுர அடி 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வரவேற்பு மண்டபம், கிளப் ஹவுஸ் எல்லாவற்றிலும் வீட்டுக்காரரின் பங்கும் அதில் அடக்கம். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பது 800 சதுர அடி 'கார்ப்பெட் ஏரியா'. ஒரு கோடியை 800-ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் ரூ.12,500. காபிக்கு முன்பு ரூ.6,500 ஆக இருந்தது இதுதான்.

இதில் சட்டவிரோதம் என்று பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான இலக்கணம் வகுத்திருக்கிறது: வெளிச்சுவர்கள், குழாய்களுக்கான பொந்துகள், தனிப்பட்ட பால்கனி, மொட்டைமாடி நீங்கலாக, உட்சுவர்களையும் சேர்த்துப் புழங்கக்கூடிய தரைப்பரப்பு. ஒப்பந்தத்தில் இந்த எண்தான் இருக்க வேண்டும். ஆனால் 'சூப்பர் பில்ட்-அப்' என்ற சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் இலக்கணமே இல்லை. எனவே அது விளம்பரத்திலும் பேச்சிலும் பல ஊர்களில் சௌகரியமாக உயிர் வாழ்கிறது. ஒரு பில்டர் 1,200-ல் 900 சதுர அடி கார்ப்பெட் தரலாம், இன்னொருவர் 800 தரலாம். பக்கத்துத் திட்டத்தின் ரூ.7,200-க்கு 900 சதுர அடி கார்ப்பெட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் அடிப்படை விலை கார்ப்பெட் சதுர அடிக்கு ரூ.9,600. மலிவு என்று நினைத்த ரூ.6,500 வீட்டில் அது ரூ.9,750. நிம்மதிப்பட்ட குடும்பம் நிம்மதிப்பட்டிருக்கக் கூடாது.

ஆக, முதல் அளவுகோல் இது: எல்லாச் செலவையும் சேர்த்த மொத்தத் தொகையைக் கார்ப்பெட் பரப்பால் வகுத்த எண். மற்ற எந்தச் சதுர அடி விலையும் ஒப்பிடத் தகுந்ததல்ல. மாதிரி வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு நாடா கொண்டுபோவது நல்லது. சில மாதிரி வீடுகளில் அறைக் கதவுகளே இருக்காது, கட்டில் வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும். கண்ணை ஏமாற்ற அது போதும். நாடா ஏமாறாது.

விலைப்பட்டியலின் சில வரிகள் மட்டும் சட்டத்தின் முன் நிற்காதவை. திறந்தவெளியிலோ தூண்களுக்கிடையிலோ உள்ள கார் நிறுத்துமிடத்தைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் மும்பை வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அது குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவான இடம். ரெரா சட்டமும் திறந்த நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியில்தான் சேர்க்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் இருந்தால்தான் அதன் பெயர் காரேஜ். இருந்தும் 'பார்க்கிங்' என்ற வரி எத்தனையோ பட்டியல்களில் வேறு பெயர்களில் தொடர்கிறது. அந்த ரூ.3,50,000 எதற்கு என்று எழுத்தில் கேட்டால் பல நேரம் அது வேறெங்காவது நகர்ந்துவிடும், அல்லது காணாமல் போகும்.

சிமென்ட் என்ற சாக்கு

விலை ஏன் உயர்ந்தது என்று கேட்டால் விற்பனை அலுவலகங்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: சிமென்டும் கம்பியும் ஏறிவிட்டன. இதைச் சரிபார்க்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. சாதாரண குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 0.4 மூட்டை சிமென்டும், மூன்றரை முதல் நான்கு கிலோ கம்பியும் ஆகும் என்பது கட்டட வட்டாரத்தில் எல்லோரும் கைவிரலில் வைத்திருக்கும் கணக்கு. உயரமான கோபுரங்களுக்குக் கம்பி இன்னும் அதிகம் பிடிக்கும்.

இதன்படி மூட்டைக்கு ரூ.50 ஏறினால் சதுர அடிக்கு ஏறும் செலவு ரூ.20. கம்பி கிலோவுக்கு ரூ.10 ஏறினால் சதுர அடிக்கு ரூ.40. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினாலும் ரூ.60. அதைக் காரணம் காட்டி ரூ.300 ஏற்றப்பட்டால், மீதி ரூ.240-க்கு வேறு விளக்கம் வேண்டும். இது இறங்குமுகத்துக்கும் பொருந்தும். 2025 செப்டம்பரில் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ரூ.380 மூட்டையில் அது சுமார் ரூ.30 மிச்சம். முழுதாக வாங்குபவரிடம் வந்து சேர்ந்தாலும் சதுர அடிக்கு ரூ.12-தான். அன்று வீடு மலியும் என்று எதிர்பார்த்தவர்களும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? பெருநகரங்களில் பெரும்பங்கு தரைக்கு. இங்கேதான் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., உள்ளே வருகிறது. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அது. மனை சதுர அடி ரூ.6,000, குறியீடு 2 என்றால், கட்டும் ஒவ்வொரு சதுர அடிக்கும் தரைச் செலவு ரூ.3,000. அதே மனையில் குறியீடு 3 கிடைத்தால் ரூ.2,000. நகராட்சியில் ஒரு கையெழுத்து மாறினால் தரை மலிவாகிவிடுகிறது. வீட்டு விலை மட்டும் அதே வேகத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு.

நம் உதாரண வீட்டுக்கே வருவோம். குறியீட்டுக் கணக்கில் அது 1,000 சதுர அடி எடுத்துக்கொள்கிறது என்றால் பிரிபடாத மனைப் பங்கு 500 சதுர அடி, அதாவது ரூ.30 லட்சம். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு ரூ.2,500 என்று கொண்டால் 1,200 சதுர அடிக்கு இன்னொரு ரூ.30 லட்சம். நான்கு மாடிக் கட்டடத்துக்கும் முப்பது மாடிக் கோபுரத்துக்கும் இந்த விகிதம் ஒன்றல்ல. மத்தியப் பொதுப்பணித் துறை வெளியிடும் தளப்பரப்பு விகிதப் பட்டியலை ஒரு துணைக்குப் பார்க்கலாம். அனுமதிக் கட்டணங்கள், வட்டி, விளம்பரம், தரகு எல்லாம் சேர்த்து ரூ.10 லட்சம். மொத்தம் 70. பில்டர் வாங்குவது வரிக்கு முன் 89. இடைவெளி ரூ.19 லட்சம். மூன்று, நான்கு ஆண்டு பணத்தை முடக்கி, ஆபத்தையும் ஏற்றுச் செய்யும் தொழிலில் இது கொள்ளை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே மனையைப் பத்தாண்டுகளுக்கு முன் ரூ.1,500-க்கு வாங்கிப் போட்டவராக இருந்தால்? தரைச் செலவு ரூ.30 லட்சம் அல்ல, ரூ.7,50,000. லாபம் இரண்டு மடங்குக்கு மேல். அதற்காக அவர் விலையைக் குறைப்பாரா? மாட்டார். பழைய விலைக்கு வாங்கிய தங்கத்தை எந்த நகைக்கடையும் பழைய விலைக்கு விற்பதில்லை. பில்டரின் லாபம் அதிகமா என்பதும், விலை நியாயமா என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை தெரிந்தால் பேரத்தில் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று புரியும். இரண்டாவதற்கு விடை, பக்கத்தில் மற்றவர்கள் உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

செலவுக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. விலை அடக்கத்துக்கும் கீழே இருந்தால் மகிழ்ச்சி அடையக் கூடாது, பயப்பட வேண்டும். சுற்றிலும் ரூ.6,500 இருக்கும்போது 'ப்ரீ-லாஞ்ச்' என்று ரூ.4,200-க்குக் கிடைக்கும் வீடு, பெரும்பாலும் அனுமதியே வாங்காத வீடு. ரெராவின் கீழ் வரும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்துவதே குற்றம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, எட்டுக்கும் மேற்பட்ட வீடுகள் என்றால் பதிவு கட்டாயம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன்பு பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். மலிவு விலைக்காரர்கள் இவற்றில் எதை மீறுகிறார்கள் என்று பார்த்தாலே மலிவின் ரகசியம் பிடிபடும்.

மற்றவர்கள் கொடுத்த விலை

விற்பனை அலுவலகம் சொல்வது கேட்கும் விலை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருப்பது கொடுத்த விலை. மகாராஷ்டிரத்தில் 'இண்டெக்ஸ்-2' என்ற பதிவுச் சுருக்கத்தில் வீட்டின் பரப்பும் தொகையும் இருக்கும். அதை இணையத்திலேயே தேடலாம். ஒரே கட்டடத்தில் கடந்த ஆறு மாதத்தில் பதிவான நான்கைந்து வீடுகளைப் பார்த்தால் போதும், விலைப்பட்டியலின் மரியாதை குறைந்துவிடும். மற்ற மாநிலங்களில் இவ்வளவு வசதி இல்லாவிட்டாலும், மாநில ரெரா தளத்தில் திட்டத்தின் அனுமதிகள், முடிக்க வேண்டிய தேதி போன்ற விவரங்களைப் பில்டர் தந்தாக வேண்டும். தொண்ணூறு சதவீதம் விற்றுவிட்டது என்று சொன்னவரின் பதிவில் பாதி வீடுகள் காலியாக இருந்தால் பேரம் வேறு தொனியில் தொடங்கும்.

அரசின் மதிப்பு ஒன்றும் உண்டு. மும்பையில் ரெடி ரெக்கனர், பெங்களூரில் கைடன்ஸ் வேல்யூ, டெல்லியில் சர்க்கிள் ரேட், நம் ஊர்க்காரர்களுக்கு வழிகாட்டி மதிப்பு. அது முத்திரைத் தீர்வை வசூலுக்காகப் போட்ட எண், சந்தை விலை அல்ல. சில பகுதிகளில் சந்தைக்கு வெகு கீழே, சில பகுதிகளில் மேலேயும்கூட. தேசிய வீட்டு வசதி வங்கியின் 'ரெசிடெக்ஸ்' குறியீடு 50 நகரங்களில் விலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை காட்டுகிறது. ஒரு தெருவின் விலையை அதில் தேடக் கூடாது.

பலரும் மறந்துவிடும் நீதிபதி ஒருவர் இருக்கிறார்: கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர். வீட்டின் மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கடன் ரூ.30 லட்சம் வரை 90 சதவீதம், ரூ.75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். பில்டர் சொல்லும் விலையைவிட மதிப்பீடு குறைவாக வந்தால் பெரும்பாலோர் செய்வது, மீதியைப் புரட்ட மாமனாரிடம் ஓடுவது. செய்ய வேண்டியது, அந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு பில்டரிடம் போவது. தன் பணத்தைப் போடப்போகும் ஒரு மூன்றாவது ஆள் சொல்லும் விலை அது.

வாடகையும் ஒரு சாட்சி. இந்தியப் பெருநகரங்களில் ஆண்டு வாடகை வீட்டு விலையில் பொதுவாக 2 முதல் 4 சதவீதம்தான். ஒரு கோடி வீட்டுக்கு மாதம் ரூ.25,000 வாடகை வந்தால் 3 சதவீதம். அதே பகுதியில் அதே விலைக்கு ரூ.16,000-தான் வரும் என்றால், மீதி விலை எதிர்காலத்தில் மெட்ரோ வரும், ஐ.டி. பூங்கா வரும் என்ற வாக்குறுதிக்காக. வாக்குறுதிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் துணிச்சல்.

விலைப்பட்டியலில் ஒருபோதும் அச்சாகாத ஒரு வரி இருக்கிறது. தாமதம். உதாரண வீட்டுக்கு ரூ.70 லட்சம் கடன், வட்டி எட்டரை சதவீதம், இருபது ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ.60,750. கடன் முழுவதும் பில்டர் கைக்குப் போனபிறகு வீடு ஓர் ஆண்டு தள்ளிப்போனால் வட்டி மட்டும் ரூ.5,95,000. இருக்கும் வீட்டுக்கு வாடகை தனி. கார்ப்பெட் சதுர அடிக்கு ரூ.740-க்கு மேல் விலை ஏறியதற்குச் சமம் இது. சொன்ன தேதியில் முந்தைய கட்டடங்களை ஒப்படைத்தாரா என்பதை வைத்துப் பார்த்தால், சதுர அடிக்கு ரூ.500 அதிகம் கேட்கும் பில்டர் மலிவானவராக இருக்கலாம்.

டெல்லி சுற்றுவட்டாரத்தில் இதற்குச் சாட்சி சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஆம்ரபாலி குழுமத்தின் ரெரா பதிவை 2019 ஜூலையில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பாதியில் நின்ற வீடுகளைக் கட்டி முடிக்கும் வேலையை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கொடுத்தது. வீடு கைக்கு வரும்வரை தவணையை பில்டரே கட்டுவார் என்ற கவர்ச்சித் திட்டங்களில் சிக்கியவர்களின் வழக்குகளில், வங்கிகளுக்கும் பில்டர்களுக்கும் இருந்த உறவை விசாரிக்கும்படி 2025-ல் சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது.

விலை மாறாமல் பொருள் மட்டும் குறைவதும் உண்டு. குர்கானின் பெலேர் குடியிருப்பு வழக்கு இதற்குப் பெயர் போனது. 19 மாடி என்று விற்கப்பட்ட கட்டடம் 29 மாடியாக எழும்பியது. குடியிருப்போர் சங்கத்தின் புகாரில் போட்டி ஆணையம் 2011 ஆகஸ்டில் டி.எல்.எஃப். நிறுவனத்துக்கு ரூ.630 கோடி அபராதம் விதித்தது. 2014-ல் மேல்முறையீட்டு நடுவர் மன்றம் அதை உறுதி செய்ய, நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வெறும் கணக்காகப் பார்த்தால், அதே மனையில் 19 மாடிக்குப் பதில் 29 என்றால் ஒவ்வொரு வீட்டின் மனைப் பங்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது. லிஃப்டில் கூட்டம் கூடுகிறது. ரசீதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. ஒப்பந்தத்தில் மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று எண்ணால் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. உதாரண வீட்டில் அது ரூ.4,45,400. விலை ரூ.45 லட்சத்துக்குள், கார்ப்பெட் பரப்பு பெருநகரில் 60, மற்ற இடங்களில் 90 சதுர மீட்டருக்குள் இருந்தால் கட்டுமானத்தில் இருக்கும்போதும் வரி ஒரு சதவீதம்தான். முடிந்த வீட்டுக்குப் பில்டர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது வழக்கம். மிச்சமாகும் வரியையும் வட்டியையும் கழித்துப் பார்க்காமல் அது அதிகம் என்று எழுந்து வருகிறவர்கள் நிறைய.

இனி பேரம். சதுர அடி விலையைக் குறைக்கப் பில்டர்கள் லேசில் சம்மதிப்பதில்லை. முந்தைய மாதம் ரூ.6,500 கொடுத்தவர் மறுநாளே வாசலில் வந்து நிற்பார். ஆனால் மாடி உயர்வுக் கட்டணம், தோட்டக் காட்சி, பார்க்கிங், கிளப் போன்ற வரிகள் காலாண்டு இறுதியில், விற்பனை இலக்கு துரத்தும்போது, வியக்கத்தக்க வேகத்தில் கரைகின்றன. உதாரணப் பட்டியலில் இவை மட்டும் ரூ.9,58,000. பதிலாகத் தங்கக் காசு, மாடுலர் கிச்சன், சில சமயம் சின்னக் கார்கூடத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்பதே கணக்கறிந்தவர் பதிலாக இருக்கும். அந்தப் பரிசு விலைக்குள் ஏற்கனவே இருக்கிறது, அதற்கு ஜி.எஸ்.டி.யும் முத்திரைத் தீர்வையும் கட்டியாகிறது. ஒப்பந்த விலையில் ரூ.5 லட்சம் குறைந்தாலோ, அதன் மேலான 12 சதவீதமும் சேர்ந்து இறங்கி, உண்மையில் குறைவது ரூ.5,60,000.